ஏணியும் ஏலமும்

“படம் பார்ப்பது ஒரு படிப்பா? பாட்டும் ஆட்டமும் ஒரு பள்ளிக்கூடமா?”

கேட்கிறார்கள், தோழர்களே! கேட்போர் இரு வகையினர். இரு வகையினருக்கும் ஒரே விடையைச் சொல்லிவிட முடியாது.

முதலாவதாகக் கேட்பவள் பொட்டிபுரத்துத் தாய். விடியுமுன் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ஜீப்பிலே நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் வளைவுகளில் ஏறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்தில் பகல் முழுதும் குனிந்து காய் பறித்து, இருட்டும் வேளையில் வீடு திரும்புபவள். விளக்கடியில் பிள்ளையின் பையைத் திறக்கிறாள், நோட்டைப் புரட்டுகிறாள். தனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், எழுத்து எது, படம் எது என்று அவளுக்குத் தெரியும். வேலையில்லாத ஒரு நாளில் பள்ளிக்கு வந்து என்னிடம் கேட்டாள்: “டீச்சர், நோட்டுல ஒரு எழுத்தைக் காணோமே! கோழியும் குஞ்சுமாத்தான் இருக்கு. இதுக்கா அனுப்புறோம்?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, அச்சம் இருந்தது. தன் முதுகு வளைந்தது போதும், தன் மகளின் முதுகும் வளைய வேண்டாம் என்று எண்ணும் ஒருத்தியின் அச்சம். அதை எள்ளி நகையாடுவோன் மனிதனல்லன்.

இரண்டாவதாகக் கேட்பவர் நகரத்துப் பெரியவர். தம் பேரனுக்கு வழவழப்பான தாளில் அச்சிட்ட படநூல்களை அடுக்கடுக்காக வாங்கிக் குவிப்பவர். களிமண்ணும் வண்ணமும் மரத்துண்டுகளும் கொடுத்து விளையாட வைக்கும் பள்ளியிலே பெருந்தொகை கட்டிச் சேர்ப்பவர். அவரே, சிற்றூர்ப் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்ததும் முகம் மாறுகிறார். “ஏழைப் பிள்ளைக்கு எழுத்தும் வாய்ப்பாடும் போதுமே! படமும் பொம்மையும் எதற்கு? வரிப்பணம் வீணாகிறதே!” என்கிறார்.

தாய்க்கு நாம் விடை சொல்ல வேண்டும். இந்தப் பெரியவரிடமோ நாம் விடை கேட்க வேண்டும்.

சுவரிலே ஓர் ஏணி

எங்கள் வகுப்பறைச் சுவரிலே ஓர் அரிச்சுவடி அட்டை தொங்குகிறது. நாட்டிலே பல வகுப்பறைகளில் தொங்குவதைப் போன்றதே. அ - அம்மா, ஆ - ஆடு, இ - இலை, ஏ - ஏணி, ஒ - ஒட்டகம். ஒரு நாள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ஏணியைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: “டீச்சர், ஏ-க்கு ஏலக்காய்னு போட மாட்டாகளா?”

நான் திகைத்து நின்றேன். அவள் தாயின் சேலையிலே மணப்பது ஏலம். அவள் வீட்டு அடுப்பு எரிவது ஏலத்தால். அவள் ஊரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள போடிநாயக்கனூரில், அந்த ஏலம் ஏலத்திற்கு வருகிறது. பருமன் பார்த்து, பசுமை பார்த்து, விலை கூறுகிறார்கள். இத்தனையும் ஏ என்ற எழுத்திலே தொடங்குகின்றன. ஆயினும் அவள் அறிந்த ஏலம் சுவரிலே ஏறவில்லை! எழுத்து என்பது தன் வாழ்வுக்கு வெளியே, எங்கோ, யாருக்கோ உரியது என்ற பாடத்தை, நாம் சொல்லாமலே அந்த அட்டை சொல்லிக்கொண்டிருந்தது.

குழந்தைக்கு எழுத்து வெறும் கோடு. ஒரு வளைவு, ஒரு சுழி, ஒரு கொம்பு. அந்தக் கோட்டுக்குள்ளே ஒலி இருக்கிறது, ஒலிக்குள்ளே பொருள் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பொருளுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். படம் அந்தப் பாலம்.

அதனினும் மேலாக ஒன்று. எழுத்தறியாத குழந்தை படநூலைப் புரட்டும்போது சும்மா இருப்பதில்லை. “கோழி ஏன் ஓடுது?” என்று கேட்டால், “நரி வருதுல்ல!” என்கிறது. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று ஊகிக்கிறது. தவறினால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்கிறது. எத்தனை குஞ்சு என்று எண்ணுகிறது. முன்பக்கத்தில் இருந்த குஞ்சு இந்தப் பக்கத்தில் எங்கே என்று தேடுகிறது. காரணமும் விளைவும், முன்னும் பின்னும், கூட்டலும் கழித்தலும் அத்தனையும் அங்கே நடக்கின்றன. படிப்பு என்பது இதுவல்லாமல் வேறு எது? எழுத்து வந்த பிறகு தொடங்குவதல்ல படிப்பு. எழுத்து வருமுன்னே தொடங்கிவிடுவது. அந்தத் தாயை அமர்த்தி, அவள் மகளின் கையில் ஒரு படநூலைக் கொடுத்து, “அம்மாவுக்குக் கதை சொல்” என்றேன். மகள் சொன்னாள். தாய் கேட்டாள். அதற்கு மேல் நான் விளக்கவுரை ஆற்ற நேரவில்லை.

அதற்காக, அறிந்ததை மட்டும்தான் காட்ட வேண்டும், ஒட்டகத்தை அழித்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஏலமலை அடிவாரத்துக் குழந்தை ஒட்டகத்தை வேறெங்கே காணும்? பனிக்கரடியையும் பாலைவனத்தையும் கடலையும் கப்பலையும் அதன் மடியிலே கொண்டுவந்து வைப்பது படநூல்தானே! அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்வதே கல்வி. அறிந்தது இல்லையேல் தொடக்கம் இல்லை. அறியாதது இல்லையேல் பயணம் இல்லை.

ஏழைக்காகப் பிறந்த முறை

படநூலும் செயல்வழிக் கல்வியும் செல்வர் வீட்டுச் சீராட்டு என்று எண்ணுவோர் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

மொராவியாவிலே பிறந்த கொமேனியஸ் என்ற அறிஞர், 1658-இல் நூரம்பெர்க் நகரில் குழந்தைகளுக்கென ஒரு படநூலை வெளியிட்டார். ஏறத்தாழ 150 படங்கள். ஒவ்வொரு படத்திலும் எண்கள். எண்ணுக்கு எதிரே அந்தப் பொருளின் பெயர், இலத்தீனிலும் குழந்தையின் தாய்மொழியான செருமானியத்திலும். தொடக்கத்திலேயே, காக்கையின் குரலையும் ஆட்டுக்குட்டியின் குரலையும் கொண்டு எழுத்தொலி கற்பிக்கும் அரிச்சுவடி. பிரம்பும் மனப்பாடமும் கோலோச்சிய காலத்தில், “கண்ணால் காணட்டும், பிறகு கற்கட்டும்” என்று துணிந்தவர் அவர்.

இன்று பெருநகரங்களில் ‘மாண்டிசோரி’ என்ற பெயர்ப் பலகையைக் கண்டால், ஏழை எளியவர் எட்ட நின்று பார்க்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907-இல் திறந்தது எங்கே தெரியுமா? ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலே! பெற்றோர் வேலைக்குப் போய்விட, பார்த்துக்கொள்ள ஆளின்றிச் சுவர்களைக் கிறுக்கித் திரிந்த குழந்தைகளுக்காக! பொட்டிபுரத்துப் பாட்டியின் திண்ணையிலே விடப்பட்ட குழந்தைக்கும் அந்தக் குழந்தைக்கும் என்ன வேற்றுமை? அதே அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தபோது, நம் மாவட்டத்துக்கு அண்டை மலையான கொடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே குழந்தைகளிடையே பணியாற்றினார். அவ்வளவு அருகே வந்த முறை, மலையிறங்கி நம் சிற்றூர்களுக்கு வரவில்லை. தொழிலாளியின் பிள்ளைக்காகப் பிறந்தது, முதலாளியின் பிள்ளைக்கு விற்பனைப் பொருளாயிற்று. விந்தையல்லவா!

தமிழர் இத்துறையில் உறங்கிக் கிடந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். பெ. தூரன் ஆசிரியராக இருந்து, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. புரட்சிக் கவிஞரும் குழந்தைகளுக்கென்று தனியே பாடல் நூல் தந்தார். பெரியாரோ 1935-இலேயே, கற்பவரின் சுமை குறைய வேண்டும் என்று எழுத்தையே சீர்திருத்திக் காட்டினார். அந்தச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. இன்று என் வகுப்பிலே ‘லை’ என்று எழுதும் குழந்தை, பழைய துதிக்கைக் கொம்போடு போராட வேண்டியதில்லை. எழுத்தை மாற்றினால் மொழி கெடும் என்று அலறியவர்கள் அன்று இருந்தார்கள். படத்தைக் காட்டினால் படிப்புக் கெடும் என்போர் இன்று இருக்கிறார்கள்.

யாருடைய அம்மா?

ஆனால் படநூல் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? கூடாது. சொல்லைவிடப் படம் வலிமை வாய்ந்தது. ஐந்து வயதில் கண்ணிலே பதிந்தது, ஐம்பது வயதிலும் அழிவதில்லை. ஆகவே சொல்லை ஆராய்வதைவிடக் கடுமையாகப் படத்தை ஆராய வேண்டும்.

கடைத்தெருவில் விற்கும் கதைப் படநூல்களைப் புரட்டுங்கள். தேவர்கள் வெளுப்பு, அசுரர்கள் கறுப்பு. வரம் வாங்கியவன் வாழ்கிறான். சாபம் பெற்றவன் வீழ்கிறான். உழைத்தவன் எங்கும் தென்படுவதில்லை. கறுத்த நிறமும் அகன்ற மூக்கும் கொண்ட என் வகுப்புக் குழந்தை, அந்தப் பக்கத்திலே தன் முகத்தைத் தேடினால் எங்கே கண்டுபிடிக்கும்? கொல்லப்படுகிறவனிடத்தில்! இதைவிடக் கொடிய பாடம் ஒன்றை எந்த ஆசிரியராலும் கற்பிக்க முடியாது.

புராணம் இல்லாத நூல்களிலும் பழைய வழக்கம் போய்விடவில்லை. அம்மா அடுப்படியில், அப்பா நாற்காலியில், கையில் செய்தித்தாள். ஒரு முறை அப்படியொரு படத்தைக் காட்டி, “இது யார்?” என்றேன். “சமைக்கிற அம்மா” என்றார்கள் பிள்ளைகள். ஒரு சிறுவன் மட்டும், “எங்க அம்மா இல்ல டீச்சர், எங்க அம்மா ஜீப்புல போகும்” என்றான். அவன் சொன்ன அந்த அம்மாவை, கூலி ஈட்டிக் குடும்பம் காக்கும் அந்த உழைப்பாளியை, வரைய ஓர் ஓவியருக்கு நேரம் கிடைக்கவில்லையா? ஆங்கில நூலை அப்படியே தமிழாக்கி, தனியறையில் தனிக் கட்டிலில் கரடிப் பொம்மையோடு உறங்கும் குழந்தையைக் காட்டுகிறார்கள். காட்டட்டும், அதுவும் உலகந்தான். ஆனால் பாட்டியோடு பாயில் படுத்து, மலைப் பக்கம் தெரியும் ஜீப்பின் விளக்கொளியைப் பார்த்துக்கொண்டே உறங்கிப்போகும் குழந்தையையும் ஒரு பக்கத்தில் காட்ட வேண்டாவா?

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1994-இல் தோன்றிய தாராவும், 1996-இல் தோன்றிய தூலிகாவும், நம் மக்களின் முகமும் மண்ணின் ஓவியமும் கொண்ட நூல்களை வெளியிட்டிருக்கின்றன. ஆயினும் நாள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து நூல் வாங்கக்கூடிய நிலையிலா இருக்கிறாள் தோட்டத் தொழிலாளி? ஆகவேதான் இது சந்தையின் கடமையன்று, அரசின் கடமை என்கிறோம். அந்த வகையில், 2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் போற்றத்தக்கது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகள். சிறு நூல்கள், எளிய தொடர்கள், பக்கந்தோறும் படம். ‘நுழை’ என்ற சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. கதவைத் திறந்து வைத்து அழைக்கும் சொல் அது.

செயலா, வேலையா?

இனி ஒரு கடினமான இடத்துக்கு வருவோம். செயல்வழிக் கல்வி என்றதும், நம் இயக்கத்தின் மூத்தோர் சிலர் புருவத்தை நெரிக்கிறார்கள். அவர்கள் ஐயத்திற்குக் காரணம் உண்டு. 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாடு மறந்துவிடவில்லை. சிற்றூர்ப் பள்ளிகளில் ஒரு வேளை படிப்பு. மறு வேளை அப்பன் தொழில். அதுவும் “செய்து கற்றல்” என்ற அழகிய பெயரால்தான் அரங்கேறியது! குலக்கல்வி என்று பெரியாரும் அண்ணாவும் அதன் முகத்திரையைக் கிழித்தார்கள், போராட்டம் மூண்டது, 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது குழிதோண்டிப் புதைக்கப்பட்டது.

அப்படியானால் செயல் என்ற சொல்லையே அஞ்ச வேண்டுமா? வேண்டாம். எது செயல், எது வேலை என்று பிரித்தறிந்தால் போதும்.

என் வகுப்பிலே பிள்ளைகள் ஒரு கைப்பிடி ஏலக்காயைப் பரப்பி வைத்துப் பத்துப் பத்தாக அடுக்குகிறார்கள், பெரியது, சிறியது என்று பிரிக்கிறார்கள், ஒன்றைப் பிளந்து உள்ளே எத்தனை விதை என்று எண்ணுகிறார்கள், “ஒவ்வொரு காயிலும் ஒரே எண்ணிக்கையா?” என்று கேட்கிறார்கள்; படம் வரைகிறார்கள்; கீழே பெயர் எழுதுகிறார்கள். இது செயல். அதே பிள்ளையை ஒரு மூட்டைக்கு முன்னே அமர்த்தி, மாலைக்குள் தரம் பிரித்து முடி என்றால், அது வேலை. கை செய்வது ஒன்றுதான். ஆனால் முதலாவதிலே பயன் குழந்தையிடம் தங்குகிறது. இரண்டாவதிலே பயன் மூட்டையோடு போய்விடுகிறது. முதலாவது கேள்வியில் முடிகிறது. இரண்டாவது கூலியில் முடிகிறது. முதலாவது, ஏலக்காய் எடுப்பவளின் மகளை, அதன் விலையை நிறுக்கவும் அதன் செடியை ஆராயவும் அதன் சட்டத்தை வாதிடவும் வல்லவளாக்கும் வழி. இரண்டாவது, அவளைத் தாயின் இடத்திலேயே குனிய வைக்கும் வழி.

நம் பெரியோர் எதிர்த்தது இரண்டாவதை. நாம் கேட்பது முதலாவதை.

ஏணியின் படிகள்

தமிழ்நாடு இவ்வழியில் நடந்து பார்த்திருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. ஆசிரியர் பாயிலே பிள்ளைகளோடு அமர்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. கம்பிப் பந்தலிலே பிள்ளைகளின் ஓவியங்கள் ஆடின. படம் போட்ட அட்டைகள் வரிசை வரிசையாக. அவற்றை ஒழுங்குபடுத்தும் அட்டவணைக்குப் பெயரே ‘கற்றல் ஏணி’! ஒவ்வொரு குழந்தையும் தன் கால் வேகத்தில் ஏறலாம். பின்தங்கியவன் என்று எவனையும் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தத் தேவையில்லை. தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுசெய்ய 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் கொண்டு அதே நோக்கில் நடக்கிறது.

குறை இல்லையா? உண்டு. சொல்லத்தான் வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற நிலையில், அட்டை மாற்றுவதே ஆசிரியரின் தொழிலாகிவிடுகிறது. செய்ததைவிடச் செய்ததாகப் பதிவதற்கு நேரம் அதிகம் போகிறது. செயல் என்பது சடங்காகிவிட்டால், அது மனப்பாடத்தைவிட மட்டமானது. மனப்பாடமாவது தன்னைச் செயல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இன்னொன்றும் கண்டேன். ஒரு பள்ளியிலே படநூல்கள் அத்தனையும் இரும்பு பீரோவுக்குள்! பூட்டு பளபளத்தது, நூல்கள் புத்தம் புதிதாக இருந்தன. “கிழித்துவிடுவார்கள், கணக்குக் காட்ட வேண்டும்” என்றார் பொறுப்பிலிருந்தவர். அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். கிழிந்த நூலுக்கு விளக்கம் கேட்கும் விதி இருக்கிறது. கிழியாத நூலுக்கு விளக்கம் கேட்கும் விதி இல்லையே! உண்மையில் கேட்க வேண்டியது அதைத்தான். ஓராண்டு கழித்தும் ஒரு பக்கங்கூடக் கசங்காத படநூல் ஒன்று பள்ளியில் இருக்குமானால், அதுவே குற்றச்சான்று.

மறுபுறம், குழந்தையைச் சல்லடையில் இட்டுச் சலிக்கத் துடிப்போர் ஓயவில்லை. ஐந்தாம் வகுப்புக்கே பொதுத் தேர்வு என்று 2019-இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஏலக்காயைச் சலிப்பதுபோல் பிள்ளையைச் சலித்து, பருத்தது ஏற்றுமதிக்கு, சிறுத்தது மூட்டைக்கு என்று ஒதுக்குவதா கல்வி? ஏலத்திற்குத் தரம் பிரிக்கலாம். ஏணிக்குத் தரம் பிரித்தல் ஏது? ஏறும் வரை பிடித்துக்கொள்வதுதானே அதன் முறை!

கண்ணின் பசி

1920-இல் நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு. 1956-இல் காமராசரின் மதிய உணவு. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022-இல் காலை உணவு. வயிறு காய்ந்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்த நாடு இது. அந்த நாடு, கண்ணுக்கும் பசி உண்டு என்பதை உணராதா?

பொட்டிபுரத்தின் பெயர் உலக அறிவியலாளர் நாவிலே ஏறிய கதை நீங்கள் அறிந்ததே. 2015-இல் நடுவண் அரசு, 1,500 கோடி ரூபாயில் இங்குள்ள மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தனர், 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் கட்டுக்கட்டாகத் தாள் அச்சிட்டனர். அந்தத் தாள்களுக்கு நடுவே, “நியூட்ரினோ என்றால் என்ன? மலைக்குள்ளே அதை ஏன் தேட வேண்டும்?” என்று இவ்வூர்க் குழந்தைக்குப் படம் போட்டுச் சொல்லும் எட்டுப் பக்க நூல் ஒன்று என் கண்ணில் படவில்லை. யாருடைய மலையோ, அவருடைய பிள்ளைக்கு விளக்கம் இல்லை! கேள்வி கேட்கத் தெரிந்த மக்கள் நாளை வேண்டுமானால், படம் பார்த்துக் கேள்வி கேட்கும் குழந்தை இன்று வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. தொடக்கப் பள்ளி வகுப்பு ஒவ்வொன்றிலும், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், பூட்டில்லாத ஒரு நூலடுக்கு. கிழிந்த நூலை மன்னிக்கும் ஒரு விதி. வகுப்புக்கு ஓர் ஆசிரியர். அந்தந்த மாவட்டத்தின் உழைப்பையும் முகத்தையும் வரையும் ஓவியர்களுக்கு ஆதரவு. ஆண்டுக்கு ஒரு முறையேனும், தோட்டத்துக்குப் போகும் தாய்க்குக் கூலி குறையாத ஒரு நாளில், பள்ளிக்கு வந்து தன் பிள்ளை கதை சொல்வதைக் கேட்கும் வாய்ப்பு.

அந்தச் சிறுமிக்கு அன்று நான் என்ன விடை சொன்னேன் என்கிறீர்களா? ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். அவள் ஏலச்செடி வரைந்தாள். அடியிலே கொத்துக் கொத்தாகக் காய். பக்கத்திலே குனிந்த ஒருத்தி. கீழே ‘ஏலம்’ என்று தன் கையாலேயே எழுதினாள். அதைச் சுவரட்டையில் ஏணிக்குப் பக்கத்திலே ஒட்டினோம். ஏணியை எடுத்துவிடவில்லை. ஏலத்தோட்டத்துப் பிள்ளைக்கு ஏணி வேண்டும். அந்த ஏணியின் கால், அவள் நிற்கும் மண்ணிலே ஊன்றியிருக்க வேண்டும்.